தூக்குமரத்து எண்சுவடி

முப்பது ஆண்டுகளாக இலக்கணம் கற்பித்துவரும் எனக்குச் சென்ற விடுமுறையிலே புதிதாக ஓர் எண்சுவடி கற்கும் பேறு வாய்த்தது. கற்பித்த ஆசிரியர் மனிதர் அல்லர். ஒரு கணினி விளையாட்டே அவ்வாசிரியர்.

தமக்கையின் மகன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். மழை பெய்த ஓரிரவிலே கணினியை என்முன் வைத்து, "மாமா, பழைய எழுத்தெல்லாம் வாசிப்பியள் எல்லோ? இதை ஒருக்கா வாசியுங்கோ பாப்பம்" என்றான். திரையிலே சதுரக் கட்டங்கள். அவற்றுள்ளே கோடுகளும் வளைவுகளும். கிரந்தமும் வட்டெழுத்தும் ஓரளவு பழகிய என் கண்களுக்கு அங்கே பற்றிப் படரக் கொழுகொம்பு ஒன்றும் கிடைத்திலது.

விளையாட்டின் பெயர் 'றிவென்'. அமெரிக்காவிலே றாண்ட் மில்லர், றொபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் ஆக்கி 1993இல் வெளியிட்ட 'மிஸ்ற்' என்பதன் தொடர்ச்சியாக, 1997இல் வெளிவந்தது. 2024இல் புத்துருவும் பெற்றது. மருமகன் கொணர்ந்தது பழைய பதிப்பு. இதிலே போர் இல்லை. ஆளரவமற்ற தீவுகளில் உலாவி, கண்டவற்றைக் கொண்டு காணாதவற்றை உய்த்துணர்வதே ஆட்டம். டனி என்னும் நிலத்தடி நாகரிகம் ஒன்றின் வழிவந்த கென் என்பவன், றிவென் மக்களுக்குத் தன்னையே கடவுளாக்கி ஆள்கின்றான். அவனைச் சிறைப்படுத்தவும், அவனிடம் அகப்பட்ட கதரின் என்னும் பெண்ணை மீட்கவும் அனுப்பப்பட்டவர் நாம்.

அவ்வூரிலே ஒரு பள்ளிக்கூடம் உண்டு. உள்ளே பிள்ளைகள் இல்லை. ஒரு விளையாட்டுப் பொருள் மாத்திரம் இருக்கின்றது. தூக்குமரம் போன்ற அதன் இருபுறமும் ஒவ்வொரு மனிதப் பாவை தொங்குகின்றது. கீழே வார்க் என்னும் கடல்விலங்கின் உருவம். பொறியை இயக்கினால் ஒரு குறி தோன்றும். பாவை அக்குறி உணர்த்தும் எண்ணளவுக்குப் படிபடியாக இறங்கும். முதலில் அடியை அடையும் பாவை விலங்குக்கு இரை. யாம் படிகளை எண்ணி, குறிகளைத் தாளிலே வரைந்தோம்.

நிலைக்கோடு ஒன்று, வளைவு இரண்டு, கூர்முனை மூன்று, செங்கோணம் நான்கு, கிடைக்கோடு ஐந்து. இவ்வாறு பத்து வரை வந்தது. அதற்கு மேல் அப்பொறி எதனையும் கற்பிக்கவில்லை. குவிமாடத்துப் பூட்டிலோ 25 நிலைகள் உள்ளன. அதனைத் திறக்கும் ஐந்து எண்கள் கென்னின் நாட்குறிப்பில் உள்ளன. ஆட்டந்தோறும் அவ்வெண்கள் மாறுவதால், முன்பு ஆடியவரிடம் விடை கேட்டும் பயனில்லை.

நள்ளிரவு வரை அக்குறிகளைத் தனித்தனி எழுத்துக்களாகவே நோக்கி இடர்ப்பட்டேன். பின்னரே அவற்றிலும் ஒரு புணர்ச்சி உண்டென்பது புலப்பட்டது. ஆறு என்பது ஐந்தின் கிடைக்கோட்டின்மேல் ஒன்றின் நிலைக்கோடு ஏறிய சிலுவை வடிவம். அவ்வைந்துதானும் புதிய குறி அன்று. ஒன்றே படுத்துக் கிடக்கின்றது! இரண்டின் வளைவைத் திருப்பினால் பத்து. ஆயின், மூன்றைத் திருப்பினால் 15, நான்கைத் திருப்பினால் 20 ஆதல் வேண்டும். திருப்பிய மூன்றின்மேல் இரண்டு ஏறினால் 17. திருப்பிய நான்கின்மேல் நான்கு ஏறினால் 24. நமக்குப் பத்திலே இடம் பெயர்வதுபோல அவர்க்கு 25இலே இடம் பெயரும்.

இஃது வெறுங் கற்பனை என்று தள்ளத்தக்கதன்று. நம் முன்னோர் 25 என்பதை ௨௰௫ என, இரண்டு பத்து ஐந்து என்று சொல்லுமாறே எழுதினர். மத்திய அமெரிக்காவின் மாயர் புள்ளியால் ஒன்றையும் கோட்டால் ஐந்தையும் குறித்தனர். அங்கே புள்ளிகள் நான்கிற்கு மேற் செல்லா. 1832இல் ரஃபினெஸ்க் என்னும் அறிஞர் அக்குறிகளின் பெறுமதியைக் கண்டு கூறியதும் இத்தகைய உய்த்துணர்வே.

பூட்டுத் திறந்தது. சிறுபிள்ளைபோல மகிழ்ந்தேன். மருமகனை நோக்கி, "உனக்கு இந்த முறை முதலே தெரியுமோ?" என்றேன்.

"தெரியும் மாமா. சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?"

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஒருவனது சாவை எண்ணி எண் பயின்ற அப்பிள்ளைகள் நினைவில் நின்றனர். அவர்களுக்கு அப்பாலே வேறொரு சிறுவனும் வந்து நின்றான். யான் ஆசிரியத் தொழில் ஏற்ற தொடக்கத்திலே, புணர்ச்சி விதியொன்றை ஒப்புவிக்கத் தவறியமைக்காக அவனைப் பிரம்பால் அடித்தேன். அடிகளை அவனே எண்ணுமாறும் பணித்தேன். மறுநாள் அவன் விதியைப் பிழையின்றி ஒப்புவித்தான். அதன்பின் என்னிடம் ஒரு கேள்வியேனும் கேட்டிலன். அதனை அடக்கம் என்று அக்காலத்திலே மெச்சினேன். அவன் கற்றது பொறி கற்பித்த பத்தளவே என்பதும், அப்பாலுள்ள பதினைந்தையும் அவன் தானே காணும் வழியை என் பிரம்பு அடைத்துவிட்டது என்பதும் இத்துணைக் காலங் கழித்தே விளங்கின.

கலாசாலை மீண்டும் தொடங்கிய நாளிலே கரும்பலகையில் விதியை எழுதாது, பத்துச் சொற்களையும் அவை புணர்ந்த வடிவங்களையும் மாத்திரம் எழுதினேன். "இவற்றுள் ஓர் ஒழுங்கு உண்டு, காணுங்கள்" என்று சொல்லி அமர்ந்தேன். வகுப்பு நெடுநேரம் மௌனமாயிருந்தது. விடையைச் சொல்லிவிடத் துடித்த நாவை அடக்குவது எனக்கு எளிதாக இருக்கவில்லை. கடைசி வாங்கிலிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி எழுந்தது. அம்மாணாக்கன் கூறிய விடை பிழையானது. ஆயினும் அவன் அஞ்சாது கூறினான். "இன்னும் ஒருமுறை பார்" என்றேன்.