நாயின் வாய்நாற்றம்

நாயின் வாய் நாறுவது இயல்பே எனப் பலர் கருதுவர். அஃது இயல்பன்று, பெரும்பாலும் முரசு நோயின் அறிகுறியே. (நூல்கள் ஈறு என்பதை நம்மவர் முரசு என வழங்குவர்.) வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. அவற்றின்மேற் படியும் அழுக்கு, சில நாள்களுள் இறுகிக் காரையாகிறது. முரசு சிவந்து வீங்கிக் குருதி கசியும். நாளடைவிற் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். பற்சொத்தை நாய்க்கு அரிது. அதன் பல்லை வீழ்த்துவது பெரும்பாலும் இந்நோயே.

கொடுமை யாதெனில், நாய் நோவை எளிதில் வெளிக்காட்டாது. ஒரு புறத்தால் மென்றேனும் உண்டுவிடும். உண்கிறதே என்று நாமும் வாளாவிருப்போம்.

நாள்தோறும் மெல்லிய பற்றூரிகையால் துலக்குதல் நன்று. மனிதரின் பற்பசை ஆகாது; சிலவற்றிற் கலந்துள்ள சைலிற்றோல் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு. இறுகிய காரையையோ மிருக வைத்தியரே, மயக்கமருந்து கொடுத்து, முரசின் அடியிலும் சுரண்டி அகற்றல் வேண்டும்.