வந்து மறையும் வாதமும் கைப்பட்டைச் சிகிச்சையும்

அதிகாலையில் மரம் சீவிக்கொண்டிருக்கும் தொழிலாளி ஒருவரின் வலக்கை திடீரெனச் சோர்கிறது, கத்தி நழுவி விழுகிறது, நா குழறுகிறது. பத்து நிமிடங்களில் யாவும் சரியாகிவிடுகின்றன. வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று எண்ணி, அவர் அடுத்த மரத்துக்குச் சென்றுவிடுகிறார். அவ்வாறு செல்வது பேராபத்தாகும்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் சிறிது நேரம் அடைபட்டுத் திறந்ததன் அறிகுறியே இது. இதனைத் தற்காலிக வாதம் எனலாம். உடனே சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதங்களுக்குள் முழுப் பக்கவாதம் வருகிறது. அவற்றுள் பாதி முதல் இரண்டு நாட்களிலேயே வந்துவிடுகிறது.

இத்தகைய நோயாளிகளைக் காக்க மருத்துவர்கள் ஆராய்ந்துவரும் புதிய முறை ஒன்றுண்டு. சிறு துன்பத்தைத் தாங்கிய உறுப்பு பெருந்துன்பத்தையும் தாங்கும் என்பதே அதன் அடிப்படை. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், நாய்களின் இதயக் குழாயை ஐந்தைந்து நிமிடங்களாக நான்கு முறை அடைத்துத் திறந்தனர். பின்னர் நீண்ட நேரம் அடைத்தபோது, இதயத்தசையில் ஏற்பட்ட சேதம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. கையில் இரத்த ஓட்டத்தைத் தடுத்துத் திறந்தாலும் தொலைவிலுள்ள மூளைக்குப் பாதுகாப்புக் கிட்டுமா என்ற ஆய்வு இதிலிருந்து தோன்றியது.

இம்முறையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்றதொரு பட்டையைக் கையில் கட்டிக் காற்றேற்றுவர். ஐந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் தளர்த்துவர். இதைப் பல முறை செய்வர்.

பயன் என்ன? 2022இல் சீனாவில் 55 மருத்துவமனைகளில் நடந்த சோதனையில், பக்கவாதம் கண்டவர்களுள் பட்டைச் சிகிச்சை பெற்றோரில் 67.4 விழுக்காட்டினர் நன்கு தேறினர். பெறாதோரில் 62 விழுக்காட்டினரே தேறினர். ஆயினும், மூளைக் குழாய் சுருங்கியிருந்த 3,033 பேரிடம் அங்கேயே நடந்த மற்றொரு சோதனையில், மீண்டும் வாதம் வருவது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆதலால் இம்முறை இன்னும் ஆய்வில் உள்ளதே தவிர, முடிந்த மருந்தன்று.

இதைக் கேள்வியுற்று எவரும் கயிற்றாலோ ரப்பர்க் குழாயாலோ கையை இறுகக் கட்டிப் பார்க்கலாகாது. நரம்பும் தசையும் கெட்டுவிடும்.

உறுதியாகப் பலன் தருவது விரைவே. 2007இல் வெளியான ஆக்ஸ்ஃபர்டு ஆய்வில், தற்காலிக வாதமோ சிறு வாதமோ கண்டவர்களுக்குத் தாமதமின்றிச் சிகிச்சை அளித்ததால், மூன்று மாதங்களில் மீண்டும் பக்கவாதம் வருவது 10.3 விழுக்காட்டிலிருந்து 2.1 விழுக்காடாகக் குறைந்தது.

எனவே முகம் கோணினாலும், கை சோர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், அது உடனே நீங்கிவிட்டாலும், 999ஐ அழைத்து அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தை மருத்துவரிடம் கூறவேண்டும். இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுக்குள் வைத்து, புகைப்பதையும் கைவிட வேண்டும். ஒருநாள் சம்பளம் போனால் மறுநாள் ஈட்டலாம். செயலிழந்த கையை மீட்பது எளிதன்று என்பதை நாம் மறவாதிருப்போமாக.