ரகசியமாக இருந்த புயல்

1943 ஜூலை 27. டெக்சாஸின் கால்வெஸ்டன் பகுதியில் புயல் கரையைக் கடந்தது. அது வருவது ஊருக்குச் சரியாகத் தெரியவில்லை. மெக்சிகோ வளைகுடாவில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு அஞ்சிய காலம் அது. இருக்குமிடம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று கப்பல்கள் வானொலியில் வாய் திறப்பதில்லை. வானிலைச் செய்திக்கும் தணிக்கை. 19 பேர் இறந்தார்கள்.

அதே நாளில், அதே மாநிலத்தின் பிரையன் விமானத் தளத்தில் ஒரு பந்தயம். 'உங்கள் பயிற்சி விமானம் தாங்குமா?' என்று பிரிட்டிஷ் விமானிகள் சீண்ட, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கக் கற்றுக்கொடுத்த ஜோசப் டக்வொர்த், ரால்ஃப் ஓஹேர் என்பவரை உடன் ஏற்றிக்கொண்டு ஒற்றை எஞ்சின் ஏடி-6 விமானத்தில் புயலின் கண்ணுக்குள் போய்த் திரும்பினார். தளத்தின் வானிலை அதிகாரி தானும் பார்க்க வேண்டும் என்றதும், அவரையும் ஏற்றிக்கொண்டு மறுபடி போனார்.

மறு ஆண்டு ஆகஸ்டில், மெய்ன் மாநிலத்தின் பிரெஸ்க் ஐலில் ஒரு வானிலை உளவுப் படைப்பிரிவு தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போர் விமானங்கள் போகும் வட அட்லாண்டிக் பாதையில் வானம் எப்படி இருக்கிறது என்று பி-25 விமானங்களில் பார்த்துவருவது அதன் வேலை. அந்தப் பிரிவின் வழிவந்ததே இன்றைய 53ஆவது படைப்பிரிவு. புயலுக்குள் பறக்கும் அதற்கு ஊர் வைத்த பெயர், 'புயல் வேட்டைக்காரர்கள்'.

அந்தக் காலத்தில் கடல்தான் கருவி. தாழப் பறந்து, அலை நுரை கோடுகோடாக இழுபடுவதைக் கண்ணால் பார்த்தே காற்றின் வேகத்தை மதிப்பிட்டார்கள். அது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. 1955இல் 'ஜேனட்' புயலுக்குள் போன கடற்படை விமானம் 11 பேரோடு திரும்பவே இல்லை.

இன்று மிசிசிப்பியின் கீஸ்லர் தளத்திலிருந்து நான்கு எஞ்சின் டபிள்யூசி-130ஜே விமானம் கிளம்புகிறது. ஓட்டுபவர்கள் ரிசர்வ் படையினர். ஏறக்குறைய 10,000 அடி உயரத்தில், கண்ணைக் குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை கடக்கிறார்கள். செயற்கைக்கோள் இருக்கும்போது ஏன் போக வேண்டும்? அது மேகத்தின் தலையைத்தான் பார்க்கிறது. கண்ணின் நடுவே காற்றழுத்தம் எவ்வளவு என்று அளந்து சொல்ல ஆளும் கருவியும் உள்ளே போயாக வேண்டும்.

அங்கே ஏறக்குறைய ஒரு முழ நீளமுள்ள குழாயைக் கீழே விடுகிறார்கள். சிறு பாராசூட்டில் இறங்கியபடியே அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று என்று அது சொல்லிக்கொண்டே போகிறது. கடலில் விழுந்த குழாயை யாரும் தேடி எடுப்பதில்லை. ஒரு காலத்தில் எதிரி காதில் விழக் கூடாது என்று மூடிவைத்த அந்த எண்கள், சில நிமிடங்களில் மயாமியின் புயல் மையத்தைத் தாண்டி, கரையோரத்தில் கைப்பேசி வைத்திருக்கும் யாரும் பார்க்கும்படி வந்துவிடுகின்றன.