ஆட்டிசக் குழந்தைகளும் குழு விளையாட்டும்

விளையாட்டு என்றவுடன் வெற்றியும் தோல்வியுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால், பந்தைப் பிடிப்பதே சாதனையாக அமையும் குழந்தைகளும் நம்மிடையே உள்ளனர். தமிழில் மதியிறுக்கம் எனவும் வழங்கும் ஆட்டிசம் உடைய குழந்தைகளுள் பலர் அத்தகையோர்.

ஆட்டிசம் பேச்சையும் பிறரோடு பழகுதலையும் மட்டுமே சார்ந்தது என்று பலர் கருதுவர். உடலசைவிலும் அதன் சாயல் உண்டு. 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய லியோ கானர், அவர்களுள் சிலரது நடையில் தடுமாற்றம் இருந்ததைக் குறித்துள்ளார். 1944இல் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் இத்தகைய தடுமாற்றத்தைப் பதிவு செய்தார்.

பந்தைப் பிடிப்பது எளிய செயலன்று. கண் பந்தைத் தொடர வேண்டும். அது எங்கு, எப்போது வந்து சேரும் என்று மூளை கணிக்க வேண்டும். அதற்கேற்பக் கால்கள் நகரவும் கைகள் விரியவும் வேண்டும். இவை ஒருங்கே நிகழ்வதில்தான் இக்குழந்தைகள் இடர்ப்படுகின்றனர். இடர்ப்படுவதால் ஆட்டத்தில் சேர்க்கப்படுவதில்லை; சேர்க்கப்படாமையால் பயிற்சி கிட்டுவதில்லை; பயிற்சியின்மையால் தடுமாற்றம் நீடிக்கிறது. இச்சுழலை உடைக்கக் குழு விளையாட்டு துணைபுரியும்.

சுவரில் எறிந்த பந்து பெரும்பாலும் எதிர்பார்த்தவாறே திரும்பும். தோழன் எறியும் பந்தோ ஒவ்வொரு முறையும் வேறு விசையில், வேறு திசையில் வரும். அதனை ஏற்க முயலும் உடல், தன்னைத் தானே திருத்திக்கொள்ளப் பழகுகிறது. பிறர் அசைவை நோக்குதலும், தன் முறைக்குக் காத்திருத்தலும் உடன் வளர்கின்றன.

எனினும், எடுத்த எடுப்பிலேயே முழு அணியோடு கால்பந்து ஆடவிடுதல் தகாது. முதலில் ஒருவரோடு, பின்னர் மூவரோடு, அதன்பின் சிறு அணியில் என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். பெரிய, மென்மையான பந்து நன்று. ஊதல் ஒலி செவியை வருத்துமாயின் வண்ணக் கொடியை அசைக்கலாம். விதிகளைப் படங்களால் விளக்கலாம். வலிப்பு உடைய குழந்தையாயின் மருத்துவரின் கருத்தை முதலில் பெறுதல் வேண்டும்.

விளையாட்டு ஆட்டிசத்தை நீக்கும் மருந்தன்று. ஆயினும், முறையான தொடர்பயிற்சியால் உடற்சமநிலையும் பந்தைக் கையாளும் திறனும் மேம்படுவதை ஆய்வுகள் பல காட்டுகின்றன. பயனின் அளவு குழந்தைக்குக் குழந்தை வேறுபடும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள், ஏனையோர்க்குச் சமமான விளையாட்டு வாய்ப்பை இக்குழந்தைகளுக்கும் அளிக்க அது வழிசெய்கிறது. சட்டம் வாயிலைத் திறக்கலாம். கைப்பிடித்து அழைத்து வருவோர் ஆசிரியரும் மாணவருமே. ஆட்டத்திற்கேற்பக் குழந்தையை வளைக்காமல், குழந்தைக்கேற்ப ஆட்டத்தை அமைப்போமாக!