மகன் போகலாமா? தில்லித் தீர்ப்புகளும் பங்காருபாளையத்து மாந்தோப்புகளும்

புது தில்லி: வளர்ந்து ஆளான மகன் பெற்றோருடன் இருக்க வேண்டுமா, தனியே போகலாமா என்ற கேள்விக்கு 2016-ம் ஆண்டில் தலைநகரின் இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு மாதங்களுக்குள் இரண்டு விதமாகப் பதில் அளித்தன.

அந்த ஆண்டு அக்டோபரில், கர்நாடகத் தம்பதியரின் விவாகரத்து வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், தகுந்த காரணமின்றிக் கணவனைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக்குடித்தனம் போக மனைவி வற்புறுத்துவது கொடுமைச் செயலே என்று கூறியது. நீதிபதிகள் அனில் ஆர். தவே, எல். நாகேஸ்வர ராவ் ஆகியோரைக் கொண்ட அமர்வு, வயது முதிர்ந்த பெற்றோரைப் பேணுவது மகனின் கடமை என்றும், திருமணத்துக்குப் பிறகு மனைவி கணவனின் குடும்பத்தில் ஓர் அங்கமாகிவிடுகிறார் என்றும் சுட்டிக்காட்டியது.

நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பு வழங்கியது. பெற்றோர் தாமே சம்பாதித்துக் கட்டிய வீட்டில் குடியிருக்க மகனுக்குச் சட்ட உரிமை எதுவும் கிடையாது. அவன் மணமானவனா, ஆகாதவனா என்பது பொருட்டல்ல. அவர்களது தயவு உள்ளவரைதான் அங்கே தங்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். ஆனால் முரண் ஏதும் இல்லை. முதல் தீர்ப்பு மகனின் கடமையைப் பேசுகிறது. இரண்டாவது அவனுக்கு இல்லாத உரிமையைப் பேசுகிறது. கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டிலும் பேசப்பட்டவன் மகன் மட்டுமே. மகள் எங்கே இருப்பாள் என்ற கேள்வி எழவே இல்லை. அவள் போய்விடுவாள் என்பது கேட்காமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிவு.

மாங்காயும் நெடுஞ்சாலையும்: தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தக் கேள்வி எழுவது ஒரு விதம். நிலமும் தோப்பும் உள்ள ஊரில் எழுவது வேறு விதம். ஆந்திரப் பிரதேசத்தில், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையே உள்ள பங்காருபாளையத்தை எடுத்துக்கொள்ளலாம். 1953-ல் ஆந்திர மாநிலம் உருவாகும்வரை சென்னை ராஜதானியோடு இருந்த சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், தமிழர்களுக்கும் அறிமுகமானதுதான். பெங்களூரு செல்லும் பேருந்துகள் இவ்வழியே ஓடுகின்றன. இரு பெருநகரங்களை இணைக்கத் திட்டமிடப்பட்ட 262 கி.மீ. விரைவுச் சாலையும் பங்காருபாளையத்தைத் தொட்டே குடிபாலா நோக்கிச் செல்கிறது.

இவ்வட்டாரத்தின் செல்வம் மாங்காய். தமிழகத்தில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் அறியப்படும் தோத்தாபுரி ரகம் இங்கிருந்துதான் மாவட்டத்தின் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. மா நீண்ட காலப் பயிர். தந்தை வைத்த மரத்தின் காயை மகனும் பேரனும் பறிப்பார்கள். அப்படிப்பட்ட தோப்பு இருக்கும் வீட்டில் மகன் தங்குவது இயல்பு என்று தோன்றும். ஆனால் தங்க வைப்பது மரம் அல்ல, விலை.

2025-ம் ஆண்டில் அந்த விலை சரிந்தது. கர்நாடகத்திலிருந்து தோத்தாபுரி வருவதற்குச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் ஜூன் மாதம் தடை விதித்தது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆட்சேபம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். விவசாயிக்குக் கிலோவுக்கு ரூ.12 கிடைக்க வேண்டும், அதில் ரூ.8 ஆலைகளும் ரூ.4 அரசும் தரும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. ஜூலை 9-ம் தேதி முன்னாள் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி பங்காருபாளையம் மாங்காய்ச் சந்தைக்கு வந்தபோது ஊர் ஒரு நாள் தேசியச் செய்தியாயிற்று. அரசியல் ஆரவாரம் அடங்கிய பின்னரும் கணக்கு மாறவில்லை. கிலோ 12 ரூபாய்க்கே அரசின் கை தேவைப்படும் தோப்பில், பட்டம் பெற்ற இளைஞன் தந்தையோடு நின்று என்ன செய்வான்? மூன்று மணி நேரப் பயணத்தில் பெங்களூரு இருக்கிறது. இந்நிலையில் அவன் வெளியேறுவதை மேல்நாட்டு மோகம் என்றோ, பெற்றோர் மீது பாசக் குறைவு என்றோ சொல்வது எளிது, நியாயம் அல்ல.

மகன் வெளியே போகாமலிருக்க வேலையையே ஊருக்குக் கொண்டுவர முடியாதா? இதற்கும் இம்மாவட்டத்தில் ஓர் உதாரணம் உண்டு. பேட்டமிட்டா கிராமத்தில் பிறந்து, அமெரிக்காவில் படித்துப் பணியாற்றிய கல்லா ராமச்சந்திர நாயுடு ஊர் திரும்பி, 1985-ல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். திருப்பதி அருகே கரகம்பாடியில் தொடங்கிய பேட்டரித் தொழில், பின்னர் பங்காருபாளையம் மண்டலத்தின் நூனெகுண்ட்லபல்லி கிராமம்வரை விரிந்தது. ஷிப்டு முடிந்ததும் பெற்றோர் வீட்டுக்கே திரும்பலாம் என்ற நிலை உருவானால், 'போவதா, இருப்பதா' என்ற விவாதத்தில் பாதி தானாகவே மறைந்துவிடும். நிறுவனரின் மகன் கல்லா ஜெயதேவ் பத்தாண்டுகள் குண்டூர் எம்.பி.யாக இருந்தவர், 2018 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தை மக்களவையில் தொடங்கி வைத்தவர். ஆயினும் அதே நிறுவனம் 2022 டிசம்பரில், ரூ.9,500 கோடியிலான புதிய லித்தியம் பேட்டரி ஆலைக்குத் தெலங்கானாவின் மகபூப்நகரைத் தேர்ந்தெடுத்தது. மூலதனம் இடம் மாறும்போது வேலையும் இடம் மாறும். வேலையைத் தொடர்ந்து மகனும்.

சட்டம் கேட்பது என்ன? சித்தூரிலிருந்து மீண்டும் நாடாளுமன்றத்துக்கு வந்தால், இவ்விஷயத்தில் அது ஒரே ஒரு முறைதான் விரிவாகச் சட்டம் இயற்றியிருக்கிறது. சமூகநீதித் துறை அமைச்சராக இருந்த மீரா குமார் 2007 மார்ச் மாதம் கொண்டுவந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மசோதா, நிலைக்குழுவின் பரிசீலனைக்குப் பிறகு, அவ்வாண்டு டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறியது. சிங்கப்பூர் இத்தகைய சட்டத்தை 1995-லேயே கொண்டுவந்துவிட்டது. இமாச்சலப் பிரதேசமும் 2001-ல் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது.

இச்சட்டத்தில் மகன் பெற்றோருடன் வசிக்க வேண்டும் என்ற கட்டளை எங்கும் இல்லை. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுக்கு அவன் பொறுப்பு, அவ்வளவே. பெங்களூருவில் இருந்துகொண்டு பணம் அனுப்பினாலும் சட்டத்துக்குப் போதும். தவறினால், பெற்றோர் வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். அங்கே வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. 90 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். மாதப் பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பு ரூ.10 ஆயிரம். மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கக்கூடிய முதியோர் இல்லம் பற்றியும் சட்டம் பேசுகிறது. ஆனால் மாநில அரசு அதை 'அமைக்கலாம்' என்றுதான் எழுதப்பட்டுள்ளது, 'அமைக்க வேண்டும்' என்று அல்ல. ஒரு வினைமுற்றில் எத்தனை கட்டடங்கள் எழும்பாமல் போகின்றன என்பதை அவை நடவடிக்கைகளைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் அறிவார்கள்.

தோப்பும் வீடும் உள்ள குடும்பங்களுக்கு இச்சட்டத்தின் 23-வது பிரிவு முக்கியமானது. பராமரிப்பார் என்ற நிபந்தனையுடன் சொத்தை எழுதிக் கொடுத்த பின் மகன் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய முடியும். அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவுபடுத்தியது. முதியோருக்கு ஆதரவாகச் சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் கூறியது. எனினும் பத்திரம் எழுதும்போதே நிபந்தனையைச் சேர்த்துவிடுவது பாதுகாப்பானது. இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. தில்லித் தீர்ப்பு தந்தை சுயமாகச் சம்பாதித்த வீட்டைப் பற்றியது. பூர்வீகத் தோப்பு அப்படியல்ல. கூட்டுக் குடும்பச் சொத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. தில்லியில் தந்தையின் தயவில் இருப்பவன், பங்காருபாளையத்தில் பங்குதாரனாக இருக்கலாம்.

அந்தப் பங்கு மகனுக்கு மட்டும் உரியதும் அல்ல. என்.டி. ராமாராவ் ஆட்சியில் ஆந்திரம் 1986-ல் கொண்டுவந்த திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் சம பங்கு தந்தது. தமிழகம் 1989-லும் மத்திய அரசு 2005-லும்தான் அதைப் பின்பற்றின. கடமையிலும் மகள் விடுபட்டவள் அல்ல. மகாராஷ்டிரத்தின் கல்யாண் நகரில் தொழில் செய்த ஒரு பெண் மருத்துவர், தந்தையைப் பராமரிக்கும் பொறுப்பு மகளுக்கு இல்லை என்று வாதிட்டபோது, மணமான மகளுக்கும் அப்பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே தீர்ப்பளித்தது. 2007 சட்டத்திலும் 'பிள்ளைகள்' என்ற சொல் மகன், மகள் இருவரையும் குறிக்கிறது.

சொத்தில் பங்கு உண்டு, பராமரிக்கும் கடமையும் உண்டு, இருப்பிடம் மட்டும் புகுந்த வீடு. இந்த விசித்திரத்தைப் பெரும்பாலோர் விசித்திரமாகக் கருதுவதே இல்லை.

வீட்டோடு மாப்பிள்ளை: ஆனால் இவ்வட்டாரத்தின் பழைய வழக்கம் அவ்வளவு இறுக்கமானதாக இருக்கவில்லை. ஆண் வாரிசு இல்லாத ரெட்டி, கம்மா குடும்பங்கள் மருமகனைத் தம் வீட்டோடு வைத்துக்கொண்டு, மகனைப் போலவே சொத்தில் பங்கு தரும் 'இல்லடம்' என்ற வழக்கத்தைச் சென்னை ராஜதானிக் கால நீதிமன்றங்களே ஏற்றிருந்தன. அவ்வாறு வந்த மருமகன், பிறந்த வீட்டுச் சொத்துரிமையையும் இழப்பதில்லை. சமூகத்தில் அவனுக்கு ஏளனம் இல்லாமலில்லை; 1959-ல் அக்கினேனி நாகேஸ்வர ராவ் நடித்த தெலுங்குப் படம் ஒன்றுக்கு 'இல்லரிகம்' என்றே பெயர். ஆனாலும் தேவை வந்தபோது, மகளைப் பிறந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஊர் கண்டுபிடித்துத்தான் இருந்தது.

இப்போது அந்தத் தேவை பல வீடுகளில் வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் எண்ணிக்கை 1.7. இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்களில், ஏறத்தாழ நான்கில் ஒன்றில் மகன் இருக்கமாட்டான் என்பது எளிய கணக்கு. இரு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட 1994 முதல் இருந்த தடையை, சந்திரபாபு நாயுடு அரசு 2024 நவம்பரில் நீக்கியது. முதியோர் பெருகி இளையோர் குறைவதைக் காரணம் காட்டி, அதிகக் குழந்தைகள் பெறுமாறு வலியுறுத்தி வருபவர் அவர். பிறக்கப்போகும் குழந்தைகள் பெற்றோரைத் தாங்கும் வயதுக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு ஆகும். பெங்களூருவில் இப்போது வேலையில் இருக்கும் மகள்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அவர்களில் எத்தனை பேரைப் பெற்றோருடன் இருக்கக் கணவன் வீட்டார் அனுமதிப்பார்கள் என்பதே கேள்வி. 2016 தீர்ப்பு மனைவியின் வற்புறுத்தலைப் பற்றி விரிவாகப் பேசியது. மனைவிக்கும் வயதான பெற்றோர் இருக்கக்கூடும் என்பதை அது பேசியிருந்தால் பயனாக இருந்திருக்கும்.

மருமகளின் நிலை குறித்து 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓரளவு தெளிவு தந்தது. கர்நாடகத்திலிருந்து வந்த அந்த வழக்கில், முதியோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி, குடும்ப வன்முறைச் சட்டம் மருமகளுக்குத் தரும் குடியிருப்பு உரிமையை ஒரேயடியாகப் பறித்துவிட முடியாது என்று நீதிபதிகள் கூறினர்.

பிற அரசுகள் வேறு வழிகளை முயன்றுள்ளன. பெற்றோரைக் கைவிடும் அரசு ஊழியரின் சம்பளத்தில் பிடித்தம் செய்ய அசாம் 2017-ல் சட்டம் இயற்றியது. சிங்கப்பூரோ தண்டனையோடு ஊக்கத்தொகையையும் சேர்த்தது. மறுவிற்பனையில் வரும் அரசுக் குடியிருப்பை வாங்கும் குடும்பம் பெற்றோருடன் சேர்ந்து வாழ முன்வந்தால் 30 ஆயிரம் வெள்ளி, 4 கி.மீ.க்குள் தனியே வாழ்ந்தால் 20 ஆயிரம் வெள்ளி என 2018-ல் மானியத்தை வகுத்தது. மகன் பெற்றோர், மகள் பெற்றோர் என்ற பேதம் அதில் இல்லை. ஒரே கூரை இல்லாவிட்டாலும் நடந்து போகும் தூரம் போதும் என்று ஓர் அரசே ஒப்புக்கொண்டது கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, மருமகனையும் மருமகளையும் 'பிள்ளைகள்' என்ற வரையறைக்குள் கொண்டுவர முயன்றது. மாமனார், மாமியாரைப் பேணும் பொறுப்பு மருமகனுக்கும் உண்டு என்பதை நாடு தழுவிய சட்டமாக்கும் முயற்சி அது. ரூ.10 ஆயிரம் என்ற உச்சவரம்பை நீக்கவும் அது வகை செய்தது. நிலைக்குழு 2021 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதன்பின் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படாமலே, 2024-ல் 17-வது மக்களவை கலைந்தபோது மசோதா காலாவதியானது.