வாகனத்துக்கு ஒரு சாட்சி: டேஷ் கேம் வாங்குவோர் கவனத்துக்கு

எமது வியாபாரிகளில் பலரின் தொழில் வீதியோடு பிணைந்தது. புறக்கோட்டையில் சாமான் எடுத்து கிழக்குக்கு ஏற்றுபவர், தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மரக்கறி கொண்டு வருபவர், கடை கடையாகச் சென்று பிஸ்கட்டும் சவர்க்காரமும் விநியோகிப்பவர் என இவர்கள் எல்லோருக்கும் வாகனம் என்பது ஓடும் கடை. அது ஒரு விபத்தில் சிக்கினால் நஷ்டம் உடைந்த பம்பரோடு முடிந்துவிடுவதில்லை. பொலிஸில் வாகனம் நிற்கும் நாட்கள், பழுதாகிப் போகும் சரக்கு, சாரதியின் வழக்கு, காப்புறுதி அலைச்சல் என்று அது நீண்டு கொண்டே போகும்.

இதில் பெரிய சங்கடம், நடந்தது என்ன என்பதற்குச் சாட்சி இல்லாமல் போவதுதான். நள்ளிரவில் நடுவீதியில் சாட்சி சொல்ல எவரும் இருப்பதில்லை. பகலில் என்றால் கூடும் கூட்டம் லொறிக்காரனைத்தான் முதலில் சுற்றி வளைக்கும். வாகனத்தின் முன் கண்ணாடியில் ஒட்டி, பயணம் முழுவதையும் பதிவு செய்யும் சிறிய கமராவான ‘டேஷ் கேம்’ இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. சாதாரண ரகம் ஒன்று லொறி டயர் ஒன்றின் விலையை விடக் குறைவு என்பதால் இப்போது பலரும் வாங்கிப் பொருத்துகிறார்கள்.

ஆனால் வாங்கிப் பொருத்தியவர்களில் எத்தனை பேரிடம், தேவைப்படும் நாளில் காட்சி கையில் இருக்கும்? கமரா மலிவாக இருப்பது குற்றமல்ல. அதைப் பொருத்திவிட்டு மறந்து விடுவதுதான் குற்றம். மலிவான கமராவையும் முறையாகப் பாவித்தால் அது நல்ல சாட்சி. விலை உயர்ந்ததைக் கூடக் கவனிக்காமல் விட்டால் அது வெறும் அலங்காரம்.

பதிவு எப்படி அழிகிறது?

டேஷ் கேம் தனக்குள் இருக்கும் மெமரி கார்ட்டில் ஒன்று, மூன்று அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாகக் காட்சியைப் பதிவு செய்கிறது. கார்ட் நிறைந்ததும் மிகப் பழைய துண்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும். சாதாரண ‘ஃபுல் எச்டி’ தரத்தில் ஒரு மணித்தியாலப் பதிவுக்கு சுமார் 6 ஜிபி இடம் தேவை. அப்படியானால் 32 ஜிபி கார்ட் ஒன்றில் ஏறத்தாழ 5 மணித்தியாலங்களே நிற்கும். 64 ஜிபி என்றால் 10 மணித்தியாலங்கள்.

இந்தக் கணக்கை வியாபாரக் கணக்குப் போலவே பார்க்க வேண்டும். காத்தான்குடியிலிருந்து இரவு புறப்பட்டு பொலன்னறுவை, ஹபரண, தம்புள்ள, குருநாகல் வழியாகக் கொழும்புக்கு வரும் ஒரு லொறியை எடுத்துக்கொள்வோம். ஹபரணைக்கு அருகில் ஒரு மோட்டார் சைக்கிள் லொறியின் பின் மூலையில் லேசாக உரசிவிட்டு, நிற்காமல் போய்விடுகிறது. சாரதியும் பெரிதுபடுத்தாமல் வந்துவிடுகிறார். அதிகாலையில் புறக்கோட்டையை அடைந்து, சரக்கை இறக்கி, மீண்டும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறார். மறுநாள், ‘உங்கள் லொறி இடித்துவிட்டு ஓடிவிட்டது’ என்ற முறைப்பாடு பொலிஸிலிருந்து வருகிறது. கமராவைத் திறந்து பார்த்தால் இருப்பது திரும்பி வந்த பாதையின் காட்சி மட்டுமே. ஹபரணையின் பதிவு அழிந்து பல மணித்தியாலம் ஆகிவிட்டது.

பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால் அந்தத் துண்டை அழியாமல் பூட்டிவைக்கும் உணரி இந்தக் கமராக்களில் உண்டு. லேசான உரசலை அது பெரும்பாலும் உணர்வதில்லை. அதற்காக அதை மிகவும் கூர்மையாக வைத்தால், குழியில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டைப் பூட்டிவிடும். பூட்டிய துண்டுகள் நிறைந்ததும், சில கமராக்கள் சத்தமின்றிப் பதிவையே நிறுத்திவிடும். எமது வீதிகளுக்கு, லொறிகளுக்குக் குறைந்த நிலையும் கார், வேன்களுக்கு நடுத்தர நிலையும் பொருத்தமாக இருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கொழும்பில் முதலாம் குறுக்குத் தெரு போன்ற இடங்களில் பல ரகங்கள் கிடைக்கின்றன. பெட்டியின் மேல் ‘4கே’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். குறைந்த தரத்தில் எடுத்த படத்தைப் பெருப்பித்து ‘4கே’ என்று விற்கும் மலிவு ரகங்கள் ஏராளம். உண்மையான ‘ஃபுல் எச்டி’ அதைவிட மேல். கடைக்காரரிடம் இரவில் எடுத்த காட்சி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். முன்னால் போகும் வாகனத்தின் இலக்கத் தகடு வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். பகல் படம் எல்லாக் கமராவிலும் அழகாகத்தான் இருக்கும்.

இரண்டாவது விடயம் வெப்பம். வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வாகனத்தின் முன் பகுதி 60 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். கையடக்கத் தொலைபேசியில் இருப்பது போன்ற லித்தியம் பற்றரி உள்ள கமரா இந்தச் சூட்டில் காலப்போக்கில் வீங்கிப் பழுதாகும். பற்றரிக்குப் பதிலாக ‘கெப்பாசிட்டர்’ உள்ள ரகம் கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள்.

மூன்றாவது, மின்சாரம். கார், வேன்களில் 12 வோல்ட். பல லொறிகளில் 24 வோல்ட். கமராவோடு வரும் சார்ஜரில் ‘12–24’ என்று குறிப்பிட்டுள்ளதா என்று பார்த்த பின்னரே லொறியில் செருக வேண்டும். நிறுத்தி வைத்த வாகனத்தையும் காவல் காக்கும் என்று சொல்லி விற்கும் வசதிக்கு, பற்றரி குறைந்ததும் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் வயர் தொகுதி ஒன்று தேவை. அது இல்லாமல் நேரடியாக இணைத்தால், காலையில் வாகனம் ஸ்டார்ட் ஆகாது.

கார்ட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

கமராவைப் பேரம் பேசி வாங்கிய பின், இருப்பதில் மலிவான கார்ட்டைப் போடுவது பலரது வழக்கம். இடைவிடாமல் எழுதி எழுதி அழிக்கும் வேலைக்குச் சாதாரண கார்ட் தாக்குப் பிடிக்காது. ‘ஹை என்டியூரன்ஸ்’ என்று குறிப்பிட்ட கார்ட்டுகள் இந்த வேலைக்கென்றே தயாரிக்கப்பட்டவை. 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டுமே உள்ள போலிகளும் சந்தையில் உலாவுகின்றன. ஆகவே பற்றுச்சீட்டுத் தரும் கடையில் வாங்கி, கணினியில் முழுவதும் நிரப்பிப் பார்த்து உறுதி செய்யுங்கள். சில மலிவுக் கமராக்கள் 32 ஜிபிக்கு மேல் ஏற்காது என்பதால், பெரிய கார்ட் வாங்குவதற்கு முன் அதையும் கேட்டறிய வேண்டும். மாதம் ஒரு முறை, தேவையான காட்சிகளைப் பிரதி எடுத்துவிட்டு, கமராவிலேயே கார்ட்டை ‘ஃபோர்மட்’ செய்வது நல்லது.

பொருத்துதல்

கமராவை நடுக்கண்ணாடிக்குப் பின்னால், சாரதியின் பார்வையை மறைக்காத இடத்தில், வைப்பர் துடைக்கும் எல்லைக்குள் பொருத்த வேண்டும். மழை நாளில் வைப்பர் எட்டாத இடத்தில் இருக்கும் கமரா தண்ணீரை மட்டுமே படமெடுக்கும். படத்தில் வானம் அதிகமாக இருந்தால் வெளிச்சத்தில் வீதி கறுத்துவிடும். எனவே பாதிக்கு மேல் வீதி தெரியுமாறு சரித்து வையுங்கள். பக்கத் தூணில் எயார் பேக் உள்ள வாகனங்களில், வயர் அதற்கு மேலாகச் செல்லக் கூடாது.

திகதியும் நேரமும் மிக முக்கியம். மலிவுக் கமராவின் உட்பற்றரி பலவீனமானதும் திகதி பல வருடங்கள் பின்னோக்கிப் போய்விடும். பிழையான வருடம் பதிந்த காட்சியைக் காட்டினால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் கேள்வி கேட்கும். வாரம் ஒரு நாள், டயர் காற்றைப் பார்ப்பது போல இதையும் பார்த்துவிடுங்கள்.

விபத்து நடந்தால்

வாகனத்தை நிறுத்தி, காயப்பட்டவர் இருந்தால் அவரைக் கவனித்து, பொலிஸுக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவிப்பதே முதற்கடமை. அதன் பின் கமராவில் உள்ள பூட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். முடிந்தால் கார்ட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வேறு கார்ட் போடுங்கள். இதற்காக மேலதிகக் கார்ட் ஒன்றை வாகனத்திலேயே வைத்திருப்பது புத்திசாலித்தனம். மூலக் காட்சியை வெட்டவோ ஒட்டவோ கூடாது. பொலிஸுக்கும் கம்பனிக்கும் பிரதியைக் கொடுங்கள். கார்ட்டையே ஒப்படைக்க நேர்ந்தால், அதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, ஒப்படைத்ததை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

எமது நாட்டுச் சட்டம் இத்தகைய பதிவுகளைப் புறக்கணிப்பதில்லை. சம்பவம் நடக்கும்போதே எடுக்கப்பட்ட பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வழி செய்தது. கருவி சரியாக இயங்கியிருக்க வேண்டும், பதிவு மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்பன அதன் நிபந்தனைகளில் அடங்கும். அந்தச் சட்டத்தின் கீழ் சமர்ப்பிப்பதாயின், விளக்கத்துக்குக் குறித்த தினத்துக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் உண்டு. எந்தச் சட்டத்தின் கீழ் செல்வது என்பதைச் சட்டத்தரணி தீர்மானிப்பார். ஆனால் காட்சி இருக்கிறது என்பதை வழக்கின் முதல் நாளிலேயே அவரிடம் சொல்வது உங்கள் பொறுப்பு. கடைசி நேரத்தில் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டும் பொருளல்ல அது.

ஆர்வத்தில் காட்சியை முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் பரப்புவதைத் தவிர்க்க வேண்டும். பிறரது முகமும் வாகன இலக்கமும் அதில் உள்ளன. 2022 இல் நிறைவேற்றப்பட்ட 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வியாபாரத்துக்காகக் கமரா பாவிப்பவர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

சாரதியோடு பேசுங்கள்

இறுதியாக, கமராவைச் சாரதிக்குத் தெரியாமல் பொருத்த வேண்டாம். ‘முதலாளி என்னை நம்பவில்லை’ என்று அவர் நினைத்தால், வயரைக் கழற்றி வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். இது அவரை வேவு பார்ப்பதற்கல்ல, வழக்கில் அவரைக் காப்பதற்கு என்று விளக்குங்கள். வாகனத்துக்குள் பேசுவதைப் பதிவு செய்யத் தேவையில்லை என்றால் ஒலிவாங்கியை நிறுத்திவிடுங்கள். உரசல் சிறியதானாலும் உடனே பூட்டும் பொத்தானை அழுத்தி, உங்களுக்கு அழைப்பு எடுக்கும்படி பழக்குங்கள். அப்படிப் பழகிய சாரதிக்கு, ஹபரணையில் நடந்தது மறுநாளும் கார்ட்டில் இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கமராவுக்கு முதலாளி யார் என்பது தெரியாது. வெள்ளைக் கோட்டைத் தாண்டியது நமது வாகனம் என்றால் அதையும் அது அப்படியே சொல்லும். 2024 ஜனவரியிலிருந்து கொழும்பில் சிசிடிவி கமராக்கள் மூலம் பொலிஸார் வீதி ஒழுங்கு மீறல்களைக் கண்டறிந்து வருகிறார்கள். நமது கமரா இல்லாவிட்டாலும் வீதியில் கமரா இருக்கிறது. எனவே நிதானமாக ஓட்டும் சாரதியும், ஒழுங்காகப் பராமரித்த ஒரு சாதாரண கமராவும் சேர்ந்தால்தான் அந்த வாகனத்துக்கு உண்மையான பாதுகாப்பு.