வண்ண மீன் வாங்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள், அப்புறம் நிறத்தைப் பாருங்கள்!

உளுந்தூர்பேட்டை,-

சென்னைக்கு வேலையாகப் போகிறவர் கொளத்தூர் பக்கம் எட்டிப் பார்க்கிறார். கடைக்குக் கடை கண்ணாடித் தொட்டி. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மீன்கள் மின்னுகின்றன. பிள்ளைகள் ஞாபகம் வருகிறது. ஆக்சிஜன் அடைத்த பையில் 10 மீன் வாங்கிக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறி விடுகிறார்.

நாலாம் நாள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கிறது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்யா!" என்கிறார்.

பெரும்பாலும் குற்றவாளி கடைக்காரர் அல்ல. தண்ணீர்தான்!

சோப்பு நுரைக்கிறதா?

உங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லையா? வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதா? அப்படியானால் அது கடினத் தண்ணீர்.

கவலை வேண்டாம். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுக்கும் அது ஒத்து வரும். மூன்றுமே குட்டி போடுகிறவை. கப்பி ஏறக்குறைய மாதம் ஒரு தடவை குட்டி போட்டுத் தொட்டியை நிரப்பி விடும். ஆண் கப்பியை மட்டும் வாங்கினால் தொல்லை இல்லை. பெரிய வாலும் பளிச்சென்ற நிறமும் ஆணுக்குத்தான்!

நீலக்கோடும் சிவப்பு வாலுமாக ஜொலிக்கும் நியான் டெட்ரா அமேசான் பகுதி மீன். உப்பு குறைந்த தண்ணீரில் வாழ்ந்த இனம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் திணறும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நம்ம நாட்டு மீன்

வெளிநாட்டு மீன்தான் அழகா? உலகமெங்கும் தொட்டிகளில் ஓடும் ஜீப்ரா டேனியோ, இந்தியா மீன்! கங்கை மீன்களைப் பற்றி 1822-ம் ஆண்டு வெளிவந்த நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் இதை விவரித்திருக்கிறார். ஒன்றரை அங்குலம்தான். பலவிதத் தண்ணீரையும் தாங்கும். 6 மீன்களாவது கூட்டாக விட வேண்டும்.

சிவப்பு வேண்டுமா? இலங்கை ஓடைகளின் செர்ரி பார்ப் இருக்கிறது. 2 அங்குல மீன். செடிகளுக்கு நடுவே விட்டால் ஆண் மீன் பழுத்த மிளகாயாகச் சிவக்கும்.

செடி வைத்த தொட்டியில் தங்கமீனை மட்டும் விட வேண்டாம். வேரைப் பிடுங்கும், இலையைத் தின்னும்.

அவசரம் ஆபத்து

தொட்டி வாங்கிய அன்றே மீனை விடுவதுதான் பெரிய தப்பு. மீன் கழிவில் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் வளர நாள் பிடிக்கும். வேலம்பாசி நட்டு, வடிகட்டியை ஓடவிட்டு, 3 வாரமாவது பொறுங்கள். பிறகும் நாலைந்து மீனில் தொடங்குங்கள்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர்தான் பிடிக்கும். ஒரு டஜன் சின்ன மீன் போதும். வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீராக இருந்தால் ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

ஊசி போட்ட மீன்

உடம்பே கண்ணாடியாகத் தெரியும் மீன் ஒன்று நம் நாட்டு ஆறு குளங்களில் உண்டு. அதன் முதுகில் ஊசியால் சாயம் ஏற்றி "கலர் மீன்" என்று விற்பதும் உண்டு. சாயம் சில மாதத்தில் மங்கிவிடும். ஊசி போட்ட இடத்தில் நோய் வரும். பிங்க், பச்சை என்று இயற்கைக்கு ஒவ்வாத நிறத்தில் பட்டை தெரிந்தால் உஷார்!

ஏரியில் விடாதீர்கள்

பாசி தின்னட்டும் என்று "டேங்க் கிளீனர்" மீன் வாங்குகிறார்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும். இடம் போதவில்லை என்று ஏரியில் விட்டுவிடுகிறார்கள். இந்தத் தென் அமெரிக்க மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, முள்ளால் மீனவர் வலையைக் கிழிக்கிறது.

வேண்டாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பாவம் பார்த்து ஏரியில் விட்டால் பாவம் ஏரி மீன்களுக்கு!